பல விடைகள் வரும் சர்வே: வென்படமா, அட்டவணையா, சேர்க்கைப் பட்டியலா?

சர்வே படிவத்தில் "பொருந்துபவை அனைத்தையும் டிக் செய்யவும்" என்று ஒரு கேள்வி வைப்பது எளிது. விடைகள் கைக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கும். ஒருவர் ஒரு டிக் போட்டிருப்பார், அடுத்தவர் மூன்று போட்டிருப்பார், இன்னொருவர் எதையுமே தொட்டிருக்க மாட்டார். இதை அறிக்கையில் எப்படிக் காட்டுவது? ஒவ்வொரு விடைக்கும் ஒரு பட்டை வரைந்து விட்டுவிடலாம். இரண்டுக்கு இரண்டு அட்டவணை போடலாம். ஒன்றோடொன்று வெட்டும் வட்டங்களாக வென்படம் வரையலாம். எந்தெந்த விடைகள் சேர்ந்து வந்தன என்று சேர்க்கைவாரியாகப் பட்டியல் எடுக்கலாம். கல்லூரி ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களும், ஊர் அளவில் கணக்கெடுக்கும் தன்னார்வலர்களும் பெரும்பாலும் முதல் வழியோடு நின்றுவிடுகிறார்கள், இல்லையென்றால் பள்ளியில் படித்த ஞாபகத்தில் எல்லாவற்றுக்கும் வட்டம் போடுகிறார்கள். இரண்டுமே நல்ல தரவை வீணாக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு விடைகளுக்கு இடையே உள்ள தொடர்பைப் பார்க்க வேண்டுமென்றால் அட்டவணை. மூன்று கணங்கள் (ஒரே விடையை டிக் செய்தவர்களின் கூட்டம் ஒரு கணம்) என்றால் வென்படம், அந்த இடத்தில் அதற்கு நிகர் இல்லை. நான்கும் அதற்கு மேலும் என்றால் சேர்க்கைப் பட்டியல். ஆனால் இந்தத் தேர்வு எதற்கும் பயன் இருக்க வேண்டுமென்றால், ஒவ்வொருவரும் தந்த விடைகள் வரிவரியாகக் கையில் இருந்தாக வேண்டும். அது ஏன் என்று முதலில் பார்ப்போம்.

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். இது விளக்கத்துக்காக நானே அமைத்த கணக்கு, எந்த ஊரின் தரவும் அல்ல. ஒரு பேரூராட்சியில் 200 வீடுகளில் "குடிக்க எந்தத் தண்ணீரைப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டார்கள். குழாய்த் தண்ணீர் என்று 110 வீடுகளும், கேன் தண்ணீர் என்று 100 வீடுகளும், போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்று நீர்) என்று 60 வீடுகளும் சொன்னார்கள். கூட்டினால் 270. வீடுகளோ 200தான். சதவீதமாகப் பார்த்தால் 55, 50, 30, மொத்தம் 135.

இந்த 135-ஐப் பார்த்துப் பயந்துபோய், மூன்றையும் 270-ஆல் வகுத்து, பை சார்ட் போட்டு, "41 சதவீதம் பேர் குழாய்த் தண்ணீர் குடிக்கிறார்கள்" என்று எழுதுபவர்கள் உண்டு. அது தவறு. குழாய்த் தண்ணீர் குடிக்கும் வீடுகள் 200-க்கு 110, அதாவது 55 சதவீதம். 41 என்பது போடப்பட்ட டிக்குகளில் குழாயின் பங்கு. வட்டத்தைத் துண்டுபோடுவது ஒன்றோடொன்று வெட்டாத கணங்களுக்கு மட்டுமே பொருந்தும். ஒரே வீடு இரண்டு துண்டிலும் இருக்கிறது என்றால் பை சார்ட்டுக்கு அங்கே வேலையில்லை. கூகுள் ஃபார்ம்ஸ்கூட இதைக் கவனித்துத்தான் நடந்துகொள்கிறது. ஒரே விடை கேட்கும் கேள்விக்கு வட்டம் வரைந்து தரும், செக்பாக்ஸ் கேள்விக்குப் பட்டை வரைந்து தரும்.

பட்டைப் படம் பொய் சொல்லாது, ஆனால் குறைவாகவே சொல்லும். 110, 100, 60 என்ற மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, குழாயும் கேனும் இரண்டையும் பயன்படுத்தும் வீடுகள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். 110-ஐயும் 100-ஐயும் கூட்டினால் 210. வீடுகள் 200 என்பதால் குறைந்தது 10 வீடுகளாவது இரண்டிலும் இருந்தே ஆக வேண்டும். அதிகபட்சம் 100 வரை போகலாம், ஏனென்றால் கேன் வாங்குபவர்கள் அத்தனை பேரும் குழாய் உள்ளவர்களாகவும் இருக்கலாம். ஆக விடை 10-இலிருந்து 100 வரை எதுவாகவும் இருக்கலாம். 10 என்றால், குழாய் இல்லாதவர்கள்தான் காசு கொடுத்துக் கேன் வாங்குகிறார்கள் என்று ஆகும். 100 என்றால், குழாய் இருந்தும் அந்தத் தண்ணீரை நம்பாமல் கேன் வாங்குகிறார்கள் என்று ஆகும். பேரூராட்சி செய்ய வேண்டிய வேலை இந்த இரண்டு நிலையிலும் வேறு வேறு. முதலாவதில் இணைப்புகளைக் கூட்ட வேண்டும், இரண்டாவதில் தண்ணீரின் தரத்தைப் பார்க்க வேண்டும். மொத்த எண்களை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு படிவங்களைத் தூக்கிப் போட்டுவிட்டால், இந்தக் கேள்விக்கு எந்தப் படமும் எந்த வாய்பாடும் விடை தராது.

பள்ளிப் பாடத்துக்கும் நிஜ சர்வேக்கும் உள்ள முக்கியமான வேறுபாடும் இதுதான். ஒன்பதாம் வகுப்பில் கணமொழி என்று முதல் பாடமே வைத்திருக்கிறார்கள். அங்கே கணக்கு "இரண்டும் படிப்பவர்கள் 45 பேர்" என்று வெட்டின், அதாவது இரண்டிலும் இருப்பவர்களின், எண்ணிக்கையைத் தானே கொடுத்துவிடும். நிஜத்தில் அதை யாரும் கொடுக்க மாட்டார்கள், நாம்தான் வரிவரியாக எண்ணி எடுக்க வேண்டும். எண்ணி முடித்த பிறகு வாய்பாடு எதற்கு என்றால், சரிபார்க்க. எண்ணியதில் எங்காவது தவறு இருந்தால் n(A∪B) = n(A) + n(B) − n(A∩B) என்பது பெரும்பாலும் ஒத்துப்போகாது, உடனே தெரிந்துவிடும். இதில் A∪B என்பது ஏதாவது ஒன்றிலாவது இருப்பவர்களின் சேர்ப்பு, A∩B என்பது இரண்டிலும் இருப்பவர்களின் வெட்டு.

இரண்டு கணங்கள்: அட்டவணை பக்கம் சாய்கிறேன்

படிவங்களை எண்ணியதில் குழாய், கேன் இரண்டும் உள்ள வீடுகள் 45 என்று வந்தது என்போம். அப்படியென்றால் குழாய் இருந்து கேன் வாங்காத வீடுகள் 65, குழாய் இல்லாமல் கேன் வாங்குபவை 55, இரண்டும் இல்லாதவை 35. மொத்தம் 200.

இதை இரண்டு வட்டமாகவும் வரையலாம், நான்கு கட்டமாகவும் எழுதலாம். வட்டமாக வரைந்தால் கண் நேரே நடுவிலுள்ள 45-க்குப் போகும். கட்டமாக எழுதினால் வேறொன்று தெரியும். குழாய் உள்ள 110 வீடுகளில் 45 கேன் வாங்குகின்றன, அதாவது 41 சதவீதம். குழாய் இல்லாத 90 வீடுகளில் 55 கேன் வாங்குகின்றன, அதாவது 61 சதவீதம். குழாய் இருந்தால் கேன் வாங்குவது குறைகிறது, ஆனால் நின்றுவிடவில்லை. இந்த ஒப்பீடுதான் பேரூராட்சிக்குத் தேவைப்படுவது. வென்படத்தில் இதைப் படிக்க வேண்டுமானால் 90 என்ற எண்ணைப் படத்தில் இல்லாத ஒன்றிலிருந்து மனக்கணக்காகப் போட வேண்டும், ஏனென்றால் "குழாய் இல்லாதவை" என்ற கணத்துக்கு அங்கே தனி உருவம் கிடையாது. ஒரு வட்டத்தின் வெளிப்பக்கம் முழுவதும் சேர்ந்ததுதான் அது.

இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியவர் லூயிஸ் கரோல். கதாசிரியராகத்தான் நமக்குத் தெரியும், ஆனால் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்தவர். வென்படத்துக்குப் பெயர் தந்த ஜான் வென் 1880-இல் வெளியிட்ட கட்டுரையில் வட்டங்களைச் சுற்றி எல்லை எதையும் வலியுறுத்தவில்லை. எந்தக் கணத்திலும் சேராதவை வேலியில்லாமல் வெளியே எல்லையற்றுத் திரிகின்றன என்பது கரோலின் மனக்குறை. அதனால் அவர் வட்டத்தை விட்டுவிட்டுச் சதுரத்தைக் கட்டங்களாகப் பிரித்தார். உள்ளதற்கு எவ்வளவு இடமோ இல்லாததற்கும் அவ்வளவு இடம். நாம் இன்று வென்படத்தைச் சுற்றிப் போடும் செவ்வகம், அதாவது அனைத்துக் கணம், இந்தக் குறையைத் தீர்ப்பதற்குத்தான். சர்வேயில் அந்தச் செவ்வகம் என்பது பதில் சொன்ன அத்தனை பேரும். அதை வரையாமல் விட்ட வென்படத்தை நான் ஏற்கவே மாட்டேன்.

வெளியே நிற்கும் அந்த 35-ஐ எப்படி எழுதுவது என்பதிலும் கவனம் வேண்டும். "குழாயோ கேனோ பயன்படுத்தும்" என்ற கணத்தின் நிரப்பி (அதில் சேராதவை எல்லாம்), "குழாயும் இல்லாத, கேனும் இல்லாத" வீடுகள். சேர்ப்பின் நிரப்பி நிரப்பிகளின் வெட்டு என்ற டி மார்கன் விதி இதுதான். இந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-இல் மதுரையில் பிறந்தவர், கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மதுரைப் பிள்ளைகளுக்கு இந்த விதியைச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். சர்வே அறிக்கைகளில் இந்த விதியை மீறுவது சாதாரணமாக நடக்கிறது. "குழாயும் கேனும் சேர்ந்து இல்லாத வீடுகள்" என்று எழுதிவிட்டு, ஏதாவது ஒன்று மட்டும் இல்லாத வீடுகளையும் அதில் எண்ணிவிடுகிறார்கள். அப்படி எண்ணினால் 35 என்பது 155 ஆகிவிடும்.

மூன்று கணங்கள்: இங்கே வென்படம்தான்

போர் தண்ணீரையும் சேர்த்துக்கொள்வோம். கேனும் போரும் 25 வீடுகள், குழாயும் போரும் 20, மூன்றும் 10. இதை அட்டவணையில் போட்டால் இரண்டு அட்டவணை தேவைப்படும், போர் உள்ளவர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று. படிப்பவர் இரண்டுக்கும் நடுவில் கண்ணை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று வட்டம் போட்டால் எட்டு இடங்களும் ஒரே பார்வையில் கிடைத்துவிடும்.

நிரப்பும்போது நடுவிலிருந்து தொடங்கி வெளியே வர வேண்டும். நடுவில் 10. குழாயும் கேனும் 45, அதில் மூன்றும் உள்ள 10 போக 35. கேனும் போரும் 25-இல் 10 போக 15. குழாயும் போரும் 20-இல் 10 போக 10. குழாய் மட்டும்: 110-இலிருந்து 35, 10, 10 போக 55. கேன் மட்டும் 40. போர் மட்டும் 25. வட்டத்துக்குள் இருப்பவை எல்லாம் சேர்ந்து 190. வெளியே 10.

"குழாயும் கேனும் 45 வீடுகள்" என்பதும் "குழாயும் கேனும் மட்டும் 35 வீடுகள்" என்பதும் இரண்டு வேறு உண்மைகள். எதைச் சொல்கிறோம் என்று அறிக்கையில் ஒவ்வொரு முறையும் தெளிவாக எழுத வேண்டும். வென்படத்தின் பெரிய உதவியே இந்தக் குழப்பத்தைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து தீர்த்துவைப்பதுதான்.

பட்டைப் படத்தில் 100 என்று நின்ற கேன் தண்ணீருக்குள், வேறு வழியே இல்லாமல் கேனை மட்டும் நம்பியிருக்கும் 40 வீடுகள் இருப்பது இப்போது தெரிகிறது. கேன் வண்டி ஒரு வாரம் வராவிட்டால் தவித்துப்போகும் வீடுகள் இவை. ஒரே ஒரு மூலத்தை நம்பியவை மொத்தம் 120, இரண்டை நம்பியவை 60, மூன்றும் உள்ளவை 10. கோடைக்குத் திட்டம் போடும் ஒருவருக்கு 110, 100, 60 என்ற எண்களைவிட இவை எவ்வளவோ பயன்படும்.

அப்புறம் வெளியே நிற்கும் அந்தப் பத்து வீடுகள். தண்ணீர் குடிக்காத வீடு உலகத்தில் இல்லை. ஆகவே இந்தப் பத்தும் கேள்வியின் குறையைக் காட்டுகின்றன. தெருக் குழாயா, லாரித் தண்ணீரா, கிணறா? அல்லது பதிலே சொல்லாமல் விட்டார்களா? "மேற்கண்ட எதுவும் இல்லை" என்று ஒரு கட்டம் வைத்திருந்தால் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கலாம். பட்டைப் படம் இந்தப் பத்து வீடுகளை அடியோடு மறைத்துவிடும். மிக மோசமான நிலையில் இருக்கும் வீடுகள் இவற்றுள் இருக்கக்கூடும் என்பதால் இந்த எண்ணைத் தவறவிடுவதை என்னால் சிறிய பிழையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மூன்று கணச் சிந்தனை நாட்டளவில் என்ன செய்தது என்பதற்கு ஒரு நல்ல சான்று குழந்தைகளின் ஊட்டச்சத்துக் கணக்கு. தேசியக் குடும்ப நல ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை எடை போட்டு, உயரம் அளந்து, மூன்று குறைகளைக் கணக்கிடுகிறார்கள்: வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, உயரத்துக்கேற்ற எடை இல்லாமை, வயதுக்கேற்ற எடை இல்லாமை. 2019-21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் இந்திய அளவில் இவை முறையே 35.5, 19.3, 32.1 சதவீதம். தமிழ்நாட்டில் 25.0, 14.6, 22.0. ஏதாவது ஒரு குறையாவது உள்ள குழந்தைகள் எத்தனை சதவீதம்? மேலே பார்த்த அதே சிக்கல்தான். இந்த மூன்று எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்திய அளவில் விடை 35.5-க்கும் 86.9-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல வழியில்லை.

ஸ்வீடனைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் பீட்டர் ஸ்வெட்பெர்க் 2000-இல் இதைத்தான் பிடித்துக்கொண்டார். மூன்று குறைகளையும் தனித்தனியாகப் பார்க்காமல், ஒவ்வொரு குழந்தையும் எந்தச் சேர்க்கையில் வருகிறது என்று பிரித்து, மூன்றின் சேர்ப்பையே ஒரு குறியீடாக எடுக்க வேண்டும் என்றார். 2005-இல் ஷைலன் நந்தியும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் இந்த முறையை 1998-99-இல் நடந்த இரண்டாவது குடும்ப நல ஆய்வின் தரவில் பொருத்திப் பார்த்தார்கள். அப்போது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் எடை குறைந்தவர்கள் 47 சதவீதம் என்பதுதான் எல்லோரும் மேற்கோள் காட்டிய எண். ஏதாவது ஒரு குறையாவது உள்ளவர்கள் என்று சேர்ப்பை எடுத்தபோது அது ஏறத்தாழ 60 சதவீதமாக வந்தது. இடையில் உள்ள அந்தக் குழந்தைகள் யார்? உயரம் மட்டும் குறைந்தவர்கள், அல்லது உயரத்துக்கேற்ற எடை மட்டும் இல்லாதவர்கள். வயதையும் எடையையும் மட்டும் பார்க்கும் வளர்ச்சி அட்டையில் இவர்கள் சிக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம், மூன்று குறையும் சேர்ந்த குழந்தைகள், அதாவது படத்தின் நடுவில் இருப்பவர்கள், நோய்வாய்ப்படும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. ஓரமும் நடுவும் இரண்டுமே முக்கியம் என்றால் அதைக் காட்ட மூன்று வட்டத்தைவிடச் சிறந்த படம் எனக்குத் தெரியவில்லை.

இதே எடுத்துக்காட்டில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. மூன்று கணத்துக்கு எட்டு இடங்கள் என்றாலும் இங்கே ஏழில்தான் குழந்தைகள் இருப்பார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லை, இருக்கும் உயரத்துக்கேற்ற எடையும் இல்லை என்றால், எடை மட்டும் வயதுக்குச் சரியாக இருக்க வழியில்லை. அந்த எட்டாவது இடம் காலி. வென்படம் என்பது எல்லா இடங்களையும் வரைந்துவிட்டு, காலியானதைக் காலி என்று காட்டுவது. 1760-களில் கணித அறிஞர் லியோன்ஹார்ட் ஆய்லர் தம் கடிதங்களில் பயன்படுத்திய வட்டங்கள் வேறு வகை, இல்லாத இடத்தை வரையவே வரையாது. அறிக்கை வாசகருக்கு ஆய்லர் படம் எளிதாக இருக்கும். ஆனால் தரவைச் சரிபார்க்கும் கட்டத்தில் வென்படம்தான் வேண்டும். காலியாக இருக்க வேண்டிய இடத்தில் மூன்று குழந்தைகள் வந்து நின்றால், எங்கோ அளவையோ பதிவையோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இடத்தை வரையாமல் விட்டிருந்தால் அந்தத் தவறு தெரியாமலே போயிருக்கும்.

எண்ணுக்கு ஏற்ற அளவில் வட்டங்களை வரைந்து தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டு வட்டம் என்றால் எப்போதும் துல்லியமாக வரைந்துவிடலாம். மூன்று வட்டத்தில் எல்லா இடங்களின் பரப்பும் எண்ணோடு ஒத்துப்போவது பெரும்பாலும் முடியாது. ஆகவே வட்டங்களை ஒரே அளவில் வரைந்து, எண்களை உள்ளே எழுதிவிடுவதே நேர்மையானது.

நான்கும் அதற்கு மேலும்

நான்காவதாக லாரித் தண்ணீரைச் சேர்த்தால் 16 சேர்க்கைகள். பலரும் மூன்று வட்டத்தோடு நான்காவது வட்டம் ஒன்றையும் போட்டுப் பார்ப்பார்கள். அது நடக்காது. நான்கு வட்டங்கள் எப்படி வெட்டிக்கொண்டாலும் வெளிப்புறத்தையும் சேர்த்து அதிகபட்சம் 14 இடங்கள்தான் கிடைக்கும். இரண்டு சேர்க்கைகளுக்கு இடமே இருக்காது. அந்த இரண்டில் விழும் வீடுகள் படத்திலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். வெனுக்கே இது தெரியும், அதனால்தான் நான்கு கணத்துக்கு அவர் நீள்வட்டங்களைப் பயன்படுத்தினார். சரியாக வரைந்தால் நான்கு நீள்வட்டம் 16 இடத்தையும் தரும். ஆனால் படிப்பவர் ஒரு எண்ணின் மேல் விரலை வைத்து, இது எந்தெந்த நீள்வட்டத்துக்குள் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். கணிதமாக அழகானது. பொதுமக்கள் படிக்கும் அறிக்கைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்துக்கு 32, ஆறுக்கு 64. 2012-இல் வாழையின் மரபணுத் தொகுதியை வெளியிட்ட நேச்சர் அறிவியல் இதழ்க் கட்டுரையில், வாழை உட்பட ஆறு தாவரங்களின் மரபணுக் குடும்பங்களை ஒப்பிட, வாழைப்பழ வடிவத்தில் ஒரு ஆறு கண வென்படம் போட்டார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும். அதிலிருந்து ஒரு எண்ணைப் படித்து எடுப்பது பெரும்பாடு. 2014-இல் அலெக்சாண்டர் லெக்ஸும் அவருடைய குழுவினரும் அப்செட் என்ற மாற்று வரைபட முறையைக் கொண்டுவந்தபோது, இந்த வாழைப்பழப் படத்தைத்தான் தங்கள் தேவைக்குச் சான்றாகக் காட்டினார்கள்.

அப்செட் முறை எளியது. ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு வரிசை, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு நெடுவரிசை. எந்தக் கணங்கள் அந்தச் சேர்க்கையில் உள்ளனவோ அங்கெல்லாம் கரும்புள்ளி. மேலே அந்தச் சேர்க்கையின் எண்ணிக்கைக்கு ஒரு பட்டை, பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசைப்படுத்தி. ஆர், பைத்தான் என்ற நிரல்மொழிகள் தெரிந்தவர்களுக்கு இதற்கான நிரல்தொகுப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தெரியாதவர்கள் மனம் தளர வேண்டாம். அப்செட்டின் சாரம் ஒரு வரிசைப்படுத்திய பட்டியல்தான். அதை எக்செல்லிலேயே எடுத்துவிடலாம்.

வழி இதுதான். ஒரு வீட்டுக்கு ஒரு வரி, ஒரு விடைக்கு ஒரு நெடுவரிசை. டிக் இருந்தால் அந்த விடையின் முதல் எழுத்து, இல்லாவிட்டால் ஒரு கோடு. எல்லா நெடுவரிசைகளையும் ஒட்டிக் கடைசியில் ஒரு நெடுவரிசை போட்டால், அந்த வீட்டின் சேர்க்கை கிடைத்துவிடும். அதன் மேல் ஒரு பிவட் டேபிள் (ஒரே மாதிரி வரிகளைத் தொகுத்து எண்ணித் தரும் எக்செல் வசதி) போட்டு, எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தினால் வேலை முடிந்தது. எழுத்துக்குப் பதிலாக 1, 0 என்று போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 011 என்ற சேர்க்கை, கோப்பை சிஎஸ்வி-யாக (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்து எக்செல்லில் திறக்கும்போது வெறும் 11 ஆக மாறிவிடும். கூகுள் ஃபார்ம்ஸ் பயன்படுத்தினால் பாதி வேலை முன்பே நடந்திருக்கும், ஒருவர் டிக் செய்த அத்தனையும் ஒரே கட்டத்தில் கமா போட்டு வந்து நிற்கும். விடையின் வாசகத்துக்குள்ளேயே கமா இருந்தால் மட்டும் பிரிக்கும்போது குழம்பும், அதனால் கேள்வி தயாரிக்கும்போதே அதைத் தவிர்த்துவிடுங்கள்.

கணங்கள் ஏழெட்டு ஆனால் எல்லாச் சேர்க்கையையும் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுப் பொருட்களைக் கையாண்ட விதத்தைப் பாருங்கள். இந்திய அளவில் வானொலி 19.9 சதவீத வீடுகளில், தொலைக்காட்சி 47.2, தொலைபேசி அல்லது கைபேசி 63.2, சைக்கிள் 44.8, ஸ்கூட்டர் அல்லது மோட்டார் சைக்கிள் 21.0, கார் 4.7. இவற்றைக் கூட்டினாலே 200-ஐத் தாண்டும். கணினியையும் சேர்த்தால் ஏழு கணங்கள், 128 சேர்க்கைகள். அவர்கள் அத்தனையையும் அச்சிடவில்லை. தனித்தனி எண்களோடு இரண்டு சேர்க்கைகளை மட்டும் எடுத்துச் சொன்னார்கள். பட்டியலில் உள்ள எதுவுமே இல்லாத வீடுகள் 17.8 சதவீதம். தொலைக்காட்சி, கணினி, தொலைபேசி, ஸ்கூட்டர் அல்லது கார் ஆகிய நான்கும் உள்ள வீடுகள் 4.6 சதவீதம். அடித்தட்டையும் மேல்தட்டையும் அந்த இரண்டு எண்களே காட்டிவிடுகின்றன. உங்களிடம் இருக்கும் கேள்வி இந்த வகை என்றால் படமே தேவைப்படாது, இரண்டு வாக்கியம் போதும்.

சிறிய எண்களை என்ன செய்வது?

கணங்கள் கூடக்கூட ஒவ்வொரு இடத்திலும் விழும் ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள். இது எந்த முறையைத் தேர்ந்தாலும் வரும் சிக்கல். நம் கணக்கில் மூன்று மூலமும் உள்ள வீடுகள் 10, அதாவது 5 சதவீதம். 200 வீடுகளும் குலுக்கல் முறையில் எடுத்த மாதிரி என்றால், ஊர் முழுவதிலும் இந்த விகிதம் தோராயமாக 2-க்கும் 8-க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். நான்கு மடங்கு வித்தியாசம் அது. ஆகவே "10 வீடுகள்" என்று எழுதுங்கள், "ஊரில் 5 சதவீதம்" என்று அடித்துச் சொல்லாதீர்கள். குடும்ப நல ஆய்வு போன்ற பெரிய ஆய்வுகளின் தரவை எடுத்து நீங்களே சேர்க்கை பார்ப்பதாக இருந்தால், ஒவ்வொரு வரிக்கும் தரப்பட்டிருக்கும் மாதிரி எடையை (அந்த வரி எவ்வளவு பேருக்குச் சமம் என்று காட்டும் எண்ணை) சேர்த்தே எண்ண வேண்டும். வெறும் வரிகளை எண்ணினால் எந்தப் பகுதியில் அதிகமாக மாதிரி எடுத்தார்களோ அந்தப் பக்கம் விடை சாய்ந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. சிறிய ஊரில், கைம்பெண், மாற்றுத்திறனாளி, ரேஷன் அட்டை இல்லாதவர் என்று மூன்று வட்டம் போட்டு நடுவில் 1 என்று எழுதினால், அந்த ஒருவர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பெயரைச் சொல்லாமல் விட்டதால் எந்தப் பயனும் இல்லை. உள்வேலைக்கு முழு எண்களையும் வைத்துக்கொள்ளுங்கள். வெளியிடும் படத்தில், ஐந்துக்குக் குறைவான இடங்களுக்கு எண்ணை எழுதாமல் "5-க்குக் கீழ்" என்று போடுங்கள். அதோடு நிறுத்தினால் போதாது. மற்ற ஏழு எண்களும் மொத்தமும் படத்தில் இருந்தால் கழித்துப் பார்த்து அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிடலாம். அதனால் இன்னொரு இடத்தின் எண்ணையும் சேர்த்து மறைக்க வேண்டும், அல்லது இரண்டு இடங்களை இணைத்து ஒரே எண்ணாகத் தர வேண்டும்.